மூன்று தெருவும் ஒரு பார்வையும்

கருவேலங்குறிச்சிக்கு மூன்று தெரு, மூன்று டீக்கடை, மூன்று அம்மன் கோயில், மூன்று கோயிலுக்கும் மூன்று கொடை விழா, மூன்று கொடைக்கும் ஒரே நாளில் ஒன்றை ஒன்று அமுக்கப் பாடும் மூன்று ரேடியோ செட். இப்படி எல்லாவற்றையும் மூன்றாக்கித் தீர்த்த ஊர்ப் பெரியவர்களுக்கு, பஸ் ஸ்டாண்டை மட்டும் மூன்றாக்க முடியவில்லையே என்பது தீராத மனக்குறை. மேலத்தெருக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நடுத்தெருக்காரர் போகமாட்டார், நடுத்தெரு வீட்டுச் சாவுக்குக் கீழத்தெருக்காரர் தெருமுக்கோடு நின்றுகொள்வார். ஏன் என்று கேட்டால், “அது அப்படித்தான்” என்பார்கள். அதற்குமேல் கேட்டால், கேட்டவர் எந்தத் தெரு என்று திருப்பிக் கேட்பார்கள்.

அந்த ஒற்றை பஸ் ஸ்டாண்ட் எந்தத் தெருவிலும் சேராத புறம்போக்கு. அதன் மாடியில், எந்தத் தெருவிலும் சேராத ஆறுமுகநயினாரும் அவர் மகள் தெய்வக்கனியும் குடியிருந்தார்கள். ஆறுமுகநயினார் பஸ் கண்டக்டராக இருந்து, கடைசி டிரிப்பில் இறங்கிய இடத்திலேயே வீடு பிடித்துத் தங்கிவிட்டவர். ஓய்வு பெற்றும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றவில்லை. ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போகலாம், வீட்டிலும் அதே சட்டம். தெய்வக்கனி பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். காலையில் போய், நாலு இருபது வண்டியில் திரும்பி, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஊராருக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுத்தாள்.

முப்பத்தைந்து வயதுக்குள் அவளைப் பன்னிரண்டு முறை பெண் பார்த்துவிட்டார்கள். பன்னிரண்டு முறையும் கேசரி கிண்டி, அதே மாம்பழக் கலர் பட்டுச்சேலையைக் கட்டி, “அசையாம நில்லுட்டி, தலையைத் தூக்காத” என்று அப்பா சொன்னபடி கதவோரம் நிலையோடு நிலையாக நின்றாள். வந்தவர்கள் கேசரியைப் பார்த்தார்கள், சுவரில் ஓதம் ஏறியிருந்ததைப் பார்த்தார்கள், கீழே எந்த வண்டி புறப்படுகிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள், ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு அந்த வண்டியைப் பிடித்தார்கள். அவர்கள் படியிறங்கியதும் ஆறுமுகநயினார் ஒரு விசில் ஊதுவார். உண்மையைச் சொன்னால் தெய்வக்கனிக்குக் கல்யாண ஆசைகூட அவ்வளவு பெரிதாக இல்லை. யாராவது ஒருவர், ஒரே ஒரு முறை, தன்னை ஒழுங்காகப் பார்த்துவிட்டு, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லட்டும் என்பதுதான் அவளுக்குள் கிடந்து அரித்தது.

ஊருக்கு வடக்கே காற்றாலைக் கம்பெனி வரப்போகிறது, இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்குத்தான் வேலை என்று ஒரு பேச்சு கிளம்பியதும், மூன்று தெருவும் தகரக் கொட்டகைக்கு வந்து நின்றது. ஆனால் ஒன்றாக உட்காருவார்களா? மேலத்தெருவுக்கு ஐந்து மணி, நடுத்தெருவுக்கு ஆறு, கீழத்தெருவுக்கு ஏழு. ஒரு தெருவுக்குச் சொன்ன பாடத்தை இன்னொரு தெருவுக்கு அதே நாளில் சொல்லக்கூடாது என்றும் கண்டிஷன் போட்டார்கள், அது எச்சில் பாடம் ஆகிவிடுமாம். தெய்வக்கனியும் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு பாடத்தை மூன்றாக நறுக்கி, நாளுக்கு ஒரு துண்டாகச் சுற்றில் விட்டாள்.

அந்தப் புதன்கிழமை அவள் நறுக்கியது, தமிழில் ‘பார்’ என்று ஒரே வாயில் முடிந்துபோகிற சமாச்சாரத்தை. மேலத்தெருவுக்கு, “சீ என்றால் தானாக வந்து கண்ணில் விழுவது, நாம் ஒன்றும் செய்ய வேண்டாம்” என்றாள். நடுத்தெருவுக்கு, “லுக் என்றால் நாமாகக் கண்ணைத் திருப்பி ஒன்றின்மேல் வைப்பது” என்றாள். கீழத்தெருவுக்கு, “வாட்ச் என்றால் நடக்கிறதை நடக்க நடக்கப் பார்த்துக்கொண்டே இருப்பது” என்றாள். நாளைக்கு மாற்றிச் சொல்லித் தருகிறேன் என்று சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு மாடியேறினாள். அந்த நாளை வரவில்லை. வியாழக்கிழமை பொழுது விடிந்தபோது, எந்தத் தெருவுக்கு எந்தப் பாடம் போனதோ அந்தத் தெருவின் கண்ணுக்கு அது மட்டுமே மிச்சம் இருந்தது, பாடம் படித்தவர்களுக்கு மட்டுமில்லை, தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் வரைக்கும்.

மேலத்தெருக்காரர்களின் கண்ணில் எல்லாம் விழுந்தது, எல்லாம் சேர்ந்து ஒரே கனத்தில் விழுந்தது, எதையும் தனியே எடுக்க முடியவில்லை. கோயில் வாசலில் இருநூறு ஜோடிச் செருப்பும் தெரியும், தன் செருப்பு எதுவென்று தெரியாமல் வெறுங்காலோடு வீடு போனார்கள். நடுத்தெருக்காரர்கள் குண்டூசி முனையில்கூடக் கண்ணைக் கொண்டுபோய் வைப்பார்கள், உள்ளே மட்டும் ஒன்றும் வராது. கணக்கெடுப்புக்கு வந்த அதிகாரி ஒருவர், இத்தனை வருட சர்வீஸில் தன்னை இவ்வளவு மரியாதையாக யாரும் பார்த்ததில்லை என்று கண்கலங்கினார். அவர் வந்திருப்பதே அந்த வீட்டாருக்குத் தெரியாது. கீழத்தெருக்காரர்களுக்கோ அசைகிறது மட்டும்தான் தெரிந்தது. ஓடுகிற பஸ் தெரியும், நிற்கிற பஸ்ஸில் போய் முட்டிக்கொள்வார்கள். சாம்பார் கொதிக்கிற வரைக்கும் அடுப்பில் சட்டி இருப்பதே தெரியாது. ரேஷன் கடை வரிசையில் எல்லோரும் அசையாமல் நின்றதால், வந்தவரெல்லாம் கடை காலியாகக் கிடக்கிறதென்று நேராக முன்னால் போய் நின்றார்கள். தூங்குகிற புருஷன் கண்ணில் படவே இல்லை என்று கீழத்தெருப் பெண்கள் சிலர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டதாகவும் கேள்வி.

ஊர் ஒன்றும் இடிந்துபோய் உட்கார்ந்துவிடவில்லை. முதல் வாரம் கண் டாக்டர், இரண்டாம் வாரம் மந்திரிப்பு, மூன்றாம் வாரம் தெருவுக்கு ஒருவராக மூன்று பெரியவர்கள் தெய்வக்கனியிடம் வந்தார்கள். மேலத்தெருக்காரருக்குச் சொந்த மனக்குறை ஒன்று கூடுதலாக இருந்தது.

“போயும் போயும் எங்க தெருவுக்குத்தானா ‘சீ’ங்கிற வார்த்தைய ஒதுக்கணும்? என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டிய?”

“ரொம்ப சுளுவுதான் அண்ணாச்சி,” என்றாள் தெய்வக்கனி. அந்த ஊரில் முழுக்கண் மிச்சமிருந்தது அவளுக்கும் அவள் அப்பாவுக்கும்தான், பஸ் ஸ்டாண்ட் எந்தத் தெருவிலும் சேராததால். “நாளைக்கு எல்லாரும் ஒண்ணா வந்து உக்காருங்க. மூணையும் மூணு தெருவுக்கும் சேத்துச் சொல்லித் தாரேன். சரியாப் போயிரும்.”

மூவரும் யோசித்தார்கள். முன்பெஞ்சில் எந்தத் தெரு உட்காருவது என்று ஒருவர் கேட்டார். அன்று பேச்சு அதோடு முடிந்தது. வேறு வழியில்லாமல் தனித்தனியாகவே மூன்றையும் சொல்லித்தரப் பார்த்தாள். மேலத்தெருவுக்குப் பலகையில் இருந்த எழுத்தும் கொட்டகைத் தகரத்தின் ஓட்டையும் ஒன்றாகத் தெரிந்தன, நடுத்தெரு பலகையையே நோக்கிப் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தது, கீழத்தெருவுக்குப் பலகையே தெரியவில்லை. அவள் பாடத்தை மூடி வைத்துவிட்டாள்.

ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. சந்தையில் மீன் வாங்கப்போன ஒரு நடுத்தெரு அம்மாள், இன்னதென்று தெரியாமல் ஒரு மீனின்மேல் கண்ணை வைக்க, பக்கத்தில் நின்ற மேலத்தெருக்காரர், “நீங்க பாக்கிறது சாளை” என்று சொல்ல, கீழத்தெருக்காரர் ஒருவர், “எனக்கு அங்க மீனே தெரியலை, அப்போ அது செத்து நாளாச்சு” என்று சொல்லிவிட்டார். மீன்காரி அவரை அடிக்கப் போனாள். அன்றிலிருந்துதான் ஊரில் மூன்று மூன்று பேராக நடக்கிற வழக்கம் வந்தது. ஒருவர் கண்ணைத் திருப்புவார், ஒருவர் அங்கே இருப்பதைச் சொல்வார், ஒருவர் அது என்ன செய்கிறது என்று சொல்வார், மூன்றும் சேர்ந்தால் ஒரு பார்வை. தனித்தனியாகப் பால் பொங்கவிட்டும் உப்பைச் சர்க்கரை என்று போட்டும் கிளாசுக்கு வெளியே ஊற்றியும் பிழைப்புக் கெட்ட மூன்று டீக்கடைகளும், பஸ் ஸ்டாண்டில் ஒரே கடையாகிவிட்டன. சைக்கிள் திருட்டுக்குக் கண்ணால் கண்ட சாட்சி கேட்ட போலீஸ்காரர், ஒரு சாட்சிக்கு மூன்று கையெழுத்து வாங்கப் பழகிக்கொண்டார். இதையெல்லாம் யாரும் ஒற்றுமை என்று சொல்லவில்லை, சொன்னால் அசிங்கம். “கண்ணுக்காகச் சேர்ந்து போறோம், மத்தபடி அது அப்படித்தான்” என்றார்கள்.

ஆறு மாதம் இப்படிப் போனபிறகு, தை பிறந்ததும், மேலத்தெரு ரைஸ்மில் பூதலிங்கம் வெற்றிலை பாக்கோடு ஆளனுப்பி, டீச்சரைப் பெண் கேட்டார். நாற்பத்திரண்டு வயது, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. ஆறுமுகநயினாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“கேட்டு வந்திருக்காங்கட்டி! நாம தேடிப் போகலை, அவங்களா வந்து கேக்காங்க!”

காரணம் மறுநாளே தெரிந்தது. டீக்கடையில் பூதலிங்கமே ஒளிவுமறைவில்லாமல் சொன்னாராம். “நெல்லுல கல்லு கெடக்குவே, அரிசியில உமி கெடக்கு. எல்லாம் தெரியுது, எது எங்கன்னு பிரிக்க முடியலை. வீட்டுல ஒரு முழுக்கண்ணு இருந்தா மில்லு தப்பிச்சிரும்.”

தெய்வக்கனி இதைக் கேட்டுச் சிரித்தாள், அடுப்படிக்குள் போய் அழுதாள். பன்னிரண்டு பேர் கண்ணில் அவள் படவில்லை, பதின்மூன்றாவது ஆளுக்கு அவள் கண் மட்டும் போதுமாம். ஆனால் அப்பாவுக்கு எழுபது வயது, படியேறினால் மூச்சு வாங்குகிறது. பதின்மூன்றாவதுதான் கடைசி, வருகிறவர் சரி என்றால் நானும் சரி என்று போன வருஷமே அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். பூதலிங்கம் சரி என்று சொல்லப்போவது நிச்சயம். “வரச் சொல்லுங்கப்பா” என்று சொல்லிவிட்டு, மாம்பழக் கலர் பட்டுச்சேலையை உதறி வெயிலில் போட்டாள்.

பெண் பார்ப்பதென்றால் முறைப்படி பார்க்க வேண்டும் அல்லவா? பூதலிங்கம் தன்னோடு இரண்டு பேரைக் கூட்டி வந்தார். கண்ணைத் திருப்பி வைக்க நடுத்தெரு டெய்லர் மாசானம், நடப்பதைப் பார்க்கக் கீழத்தெரு தவசிமுத்து. தவசிமுத்து பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, கீழத்தெரு முக்கில், மிக்சிக்கும் கிரைண்டருக்கும் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தவன். நாற்பதை நெருங்கியும் தனிக்கட்டை. எனக்கு வேலை கிடக்கிறது, வேறு ஆளைக் கூப்பிடுங்கள் என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தானாம். விடாமல் இழுத்து வந்துவிட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று வெளுத்த சட்டை போட்டிருந்தான்.

மூவரும் பாயில் உட்கார்ந்தார்கள். நிலையோரம் தெய்வக்கனி வந்து நின்றாள், காபித் தட்டோடு, அசையாமல்.

“பொண்ணு வந்தாச்சா?” என்றார் பூதலிங்கம். “கதவு தெரியுது, காலண்டர் தெரியுது, பொம்பளையாள் ஒண்ணு தெரியுது, பூனை தெரியுது. இதுல எது பொண்ணுன்னு சொல்லுங்கவே.”

மாசானம் கைகூப்பி, மிகுந்த மரியாதையோடு கண்ணைத் திருப்பி, தண்ணீர்க் குடத்தின்மேல் வைத்தார். “லட்சணமா இருப்பாங்க” என்று பொதுவாகச் சொன்னார்.

“தவசி, நீ சொல்லு.”

“இப்ப ஒண்ணும் தெரியலை,” என்றான் தவசிமுத்து. “நடந்து வந்தப்பத் தெரிஞ்சாங்க. இப்ப நின்னுட்டாங்க.”

“அசையாம நில்லுட்டி” என்று ஆறுமுகநயினார் பழக்கதோஷத்தில் முணுமுணுத்தார்.

“நடந்து வந்தப்ப என்ன பாத்த, அதச் சொல்லு.”

தவசிமுத்து தொண்டையைச் செருமினான். “இடது கால மெதுவா வச்சு வந்தாங்க. ஆடி மழையில பஸ் படியில சறுக்கினாங்கள்லா, அதுலேர்ந்து அப்படித்தான். ஆனா இன்னைக்கு அதுக்கும் மெதுவா வந்தாங்க. வர இஷ்டமில்லாம வந்தாப்புல இருக்கு.”

கீழே ஒரு வண்டி வந்து நின்றது.

“சந்தோசமா இருந்தா டீச்சர் பையைத் தோள்ல மாத்தி மாத்திப் போட்டுட்டு வருவாங்க. பரீட்சைத் தாளு கட்டு இருந்தா நெஞ்சோட அணைச்சுக்கிடுவாங்க. கடைக்கு முன்னால பள்ளம் இருக்கில்லா, அங்கன வந்ததும் சேலையை இம்புட்டுப்போலத் தூக்கித் தாண்டிட்டு, யாராவது பாத்தாங்களான்னு திரும்பிப் பாப்பாங்க. யாரும் பாக்கலைன்னு நெனச்சுக்கிட்டு வாயைப் பொத்திச் சிரிப்பாங்க.”

“இம்புட்டு வெவரம் எனக்கு எதுக்குவே?” என்றார் பூதலிங்கம் சலிப்போடு. “பொண்ணுக்கு ரெண்டு கண்ணும் ஒழுங்காத் தெரியுதா, அதச் சொன்னாப் போதும். எனக்குச் சம்மதம்.”

பன்னிரண்டு பேர் வாயிலிருந்து வராத சொல் அது. வந்துவிட்டது. ஆறுமுகநயினாரின் கை விசிலுக்குப் போனது. வாக்குப்படி தெய்வக்கனி இப்போது தலையாட்ட வேண்டும், ஆட்டினால் முடிந்தது.

அவள் தலையை ஆட்டவில்லை, தூக்கினாள். பதின்மூன்று முறையில் முதல் முறையாகத் தூக்கிய தலையில், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள்.

“வந்துட்டாங்க,” என்றான் தவசிமுத்து, தன்னையறியாமல்.

“பள்ளத்தைத் தாண்டுறது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள் அவள்.

“நாலு இருபது வண்டியில வருவியள்லா டீச்சர். பாப்பேன்.”

“எப்பலேர்ந்து? கண்ணு இப்படி ஆனதுலேர்ந்தா?”

“கண்ணு இப்படி ஆகி ஆறு மாசந்தான்.” அவன் பாயின் கோரையைப் பிய்த்தான். “நான் பாக்க ஆரம்பிச்சு ஒம்பது வருசம்.”

ஊருக்கே சீயும் லுக்கும் வாட்சும் வேறு வேறு என்று சாக்பீஸ் தேயச் சொல்லிக்கொடுத்தவள், அந்தக் காயில் கடையை ஒன்பது வருஷமாகத் தினம் கடந்திருக்கிறாள். கடை கண்ணில் விழுந்திருக்கிறது, அதற்குள் ஒரு ஆள் குனிந்து கம்பி சுற்றுவதும் விழுந்திருக்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட அவள் கண்ணைத் திருப்பி அவன்மேல் வைத்ததில்லை. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று குமுறிக்கொண்டே, அவள் பார்க்காமல் போனாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே இப்போது பார்த்தாள். காதோரம் நரை, விரலெல்லாம் செம்புக்கம்பி அறுத்த கோடு, வெளுத்த சட்டையில் ஒரு பித்தான் மாற்றிப் போட்டிருக்கிறது.

அவள் நடந்து வந்து பூதலிங்கத்தின் முன்னால் ஒரு டம்ளரும் மாசானத்தின் முன்னால் ஒரு டம்ளரும் வைத்தாள். மூன்றாவதைத் தவசிமுத்துவுக்கு நீட்டினாள். அவன் கை காற்றைத் துழாவியது. நீட்டிய டம்ளர் அசையவில்லையே, எப்படித் தெரியும்? அவள் கையை மெல்ல ஆட்டினாள். காபி தளும்பியது. தளும்பிய காபி அவன் கண்ணில் வந்தது, அவன் வாங்கிக்கொண்டான்.

“அப்பா,” என்றாள் தெய்வக்கனி, “வாக்கு வாக்குதான். வாரவரு சரின்னா நானும் சரின்னு சொன்னேன். வந்தது மூணு பேருல்லா? இவுகளும்தான் வந்திருக்காவ. இவுகளக் கேளுங்க.”

தவசிமுத்து டம்ளரைக் கீழே வைத்தான். “நான் ஒம்பது வருசமாச் சரிதான் டீச்சர்” என்றான்.

பூதலிங்கத்துக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் கோபம் வந்தது, கோபத்தில் எழுந்து யாரைத் திட்டுவது என்று பிரிக்க முடியாமல் கதவையும் காலண்டரையும் பூனையையும் சேர்த்துத் திட்டினார். கேசரியை மட்டும் முடித்துவிட்டுத்தான் போனார். மாசானம் தண்ணீர்க் குடத்தை விடாமல் நோக்கியபடி, “பொண்ணு தங்கமான பொண்ணு” என்றார். ஆறுமுகநயினார் கீழத்தெரு என்று ஒரு முறை பெருமூச்சு விட்டார். பிறகு, நான் எந்தத் தெரு என்று இந்த ஊரில் இதுவரை எவன் கேட்டான் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். விசிலை வாயில் வைத்தார். இரண்டு முறை ஊதினார். கீழே நின்ற வண்டி புறப்பட்டுவிட்டது.

பங்குனியில் பஸ் ஸ்டாண்டிலேயே பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது. மூன்று தெருவும் வந்தது, சேர்ந்து வராவிட்டால் தாலி கட்டுவதைப் பார்க்க முடியாதே. மாப்பிள்ளை மாமனார் வீட்டோடு தங்குவதைப் பற்றிக் கொஞ்சம் சிரித்தார்கள். ஆனால் பஸ் ஸ்டாண்ட் மாடியில் ஒரு ராத்திரி படுத்து எழுந்ததும் தவசிமுத்துவுக்குக் கண் முழுசாகிவிட்டது என்று தெரிந்தபோது சிரிப்பு நின்றது. புறம்போக்கில் படுத்தால் போதும், எந்தத் தெருவும் இல்லாத இடத்தில் தூங்கி விழித்தால் போதும், இவ்வளவுதான் வைத்தியம். ஊர்ப் பெரியவர்கள் உடனே கூட்டம் போட்டார்கள். யார் பக்கத்தில் யார் படுப்பது, யார் கால் யார் தலைப்பக்கம் நீட்டுவது என்று அந்தக் கூட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதுவரைக்கும் மூன்று மூன்று பேராகத்தான் நடக்கிறார்கள்.

அதெல்லாம் பிறகு. அந்த முதல் நாள் காலையில் தவசிமுத்து கண் விழித்தபோது, அசையாத சுவர் தெரிந்தது, அசையாத காலண்டர் தெரிந்தது, மாமனார் கழுத்திலிருந்து இறங்கி ஆணியில் அசையாமல் தொங்கிய விசில் தெரிந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். தெய்வக்கனி குளித்த தலையோடு காபி கொண்டு வந்தாள். டம்ளரை நீட்டி, பழகின கையாக, அவனுக்குத் தெரியட்டும் என்று மெல்ல ஆட்டினாள்.

“ஆட்டாதிய,” என்றான்.

“ஏன், தெரியுதா?”

“தெரியுது. ஒரு நிமிசம் அப்படியே அசையாம நில்லுங்க டீச்சர்.”

பன்னிரண்டு வீட்டாருக்கு முன்னால் கேட்டுக் கேட்டுக் காது புளித்த சொல். அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. “எதுக்கு?”

“ஒம்பது வருசமா என் கடையத் தாண்டிப் போய்க்கிட்டே இருந்திய,” என்றான் தவசிமுத்து. “நீங்க நின்னு நான் பாத்ததே இல்லை.”

தெய்வக்கனி நின்றாள். காபி ஆறி ஆடை கட்டும் வரைக்கும் நின்றாள்.